படுத்தவள் பங்கு

அமலோற்பவம் பதினோரு பெண்களுக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய். ஆளுக்கு அறுநூற்றைம்பது. அந்தப் பதினோரு பேருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் நாலு வார்த்தை ஏசி, வாங்கிக்கொண்டு, மறந்திருப்பார்கள். தெரியாததனால்தான் அது அவளை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்துக்குத் தெற்கே அவள் ஊர். நடவு நடும் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்த கொத்துக்குப் பத்தொன்பது வருஷமாக அவள்தான் தலைவி. நிலக்காரரிடம் கூலி பேசுவது, அச்சாரம் வாங்குவது, நோட்டில் பேர் எழுதுவது, நட்டு முடித்த சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து பணத்தைப் பங்கு வைப்பது எல்லாம் அவள் கை. வயலில் வரப்போர இடமும் அவளுடையது. அவள் கை எந்த வேகத்தில் குத்துகிறதோ அந்த வேகத்தில்தான் மற்ற பதினோரு கையும் குத்தும்.

துரைராசு என்பவர் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் குறுவை போடுகிறார். இரண்டு நாள் நடவு, பதினைந்தாயிரத்து அறுநூறு கூலி என்று பேச்சு. பாதியை நாற்று விட்ட அன்றைக்கே அச்சாரமாகக் கொடுத்துவிட்டார். அவளுடைய பங்கு போக மிச்சத்தை அன்று சாயங்காலமே பிரித்திருக்க வேண்டும். "அச்சாரம் வரல, எல்லாம் கடைசியில சேத்து வாங்கிக்குவோம்" என்று கொத்தில் சொல்லிவிட்டாள். வாய் கூசவில்லை. கூச்சம் பிறகுதான் வந்தது, ராத்திரி படுக்கையில் மூட்டைப்பூச்சி வருகிற மாதிரி.

தீட்டு நின்று நாலு வருஷம் ஆனவளுக்கு மாசி மாதம் உளுந்து பறிக்கும்போது ரத்தம் பட்டது. கர்ப்பப்பை வாயில் புற்று என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருபத்தைந்து நாள் வெளிக் கரண்ட், மூன்று புதன்கிழமை உள் கரண்ட். கதிர்வீச்சு என்று சுவரில் எழுதியிருக்கும். அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். காப்பீட்டு அட்டை கரண்டுக்குக் கொடுத்தது. இட்லிக்கும், புருஷன் ஜேசுராஜின் பஸ் டிக்கெட்டுக்கும், வெளியே போய் எடுத்த ஸ்கேனுக்கும் கொடுக்கவில்லை. அச்சாரம் அப்படித்தான் கரைந்தது.

வெளிக் கரண்ட் பாதியிலேயே ரத்தம் நின்றுவிட்டது. பயிர் பச்சை கட்டிவிட்டது, இனி எதற்கு மேலுரம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கரண்ட் வார்டு நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டர்தான் விடவில்லை.

"வெளிய வச்சது களைய மேலால அறுத்த மாதிரிம்மா. வேரு உள்ள கெடக்கு. உள்ள வச்சாத்தான் வேருக்குப் போகும்."

"எங்க ஊருல மூணு களை எடுத்தும் கோரை போவல சிஸ்டர்."

"கோரைக்கு நான் பொறுப்பில்ல. இதுக்குப் பொறுப்பு."

முதல் புதன்கிழமை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வளைந்த மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள்ளும், அதற்கு இரண்டு பக்கமும் நாட்டுக்கோழி முட்டையில் பாதி அளவு உருண்டைகளையும் வைத்து, இடம் மாறாமல் இருக்கத் துணியைத் திணித்தார்கள். பிறகு படம் பிடித்தார்கள். படத்தைப் பார்த்து எவ்வளவு கரண்ட் வைப்பது என்று கணக்குப் போட ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை அசையக் கூடாது.

அசையாமல் கிடப்பது அவளுக்குத் தெரியாத வேலை. ஐம்பத்திரண்டு வயசில் அவள் உடம்பு அறிந்ததெல்லாம் குனிவதும் நிமிர்வதும்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கூரையில் இருந்த ஓட்டைகளை எண்ணினாள். பிறகு அந்தக் கணக்கைப் போடும் பரிதி என்பவர் வந்து அவளை வேறு அறைக்குத் தள்ளிப்போனார். முப்பத்தைந்து வயசிருக்கும், நிதானமான ஆள். ஒரு பெட்டியிலிருந்து வந்த வயர்களை அவளுக்குள் இருந்த குழாய்களில் மாட்டினார்.

"இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கம்பி இருக்கும்மா. அதோட நுனியில குருணை அளவு ஒரு மருந்து. அது உள்ள போயி, அங்கங்க கொஞ்ச நேரம் நிக்கும். கரண்ட் அதுலேருந்துதான். பத்து நிமிஷம். அப்பறம் பெட்டிக்கே திரும்பிடும்."

"திரும்பிடுமா? விதைச்சது திரும்பி வருமா தம்பி?"

"விதைக்கலம்மா. காட்டிட்டு எடுத்துடுறோம். ஒங்க ஒடம்புல ஒண்ணும் தங்காது. வூட்டுக்குப் போனா பேரப்புள்ளயத் தூக்கலாம்."

கனமான கதவு மூடிக்கொண்டது. அறையில் அவள் மட்டும். பெட்டி உறுமியது. வலி இல்லை, சூடு இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தில் ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய் வந்து நெஞ்சின் மேல் குந்திக்கொண்டது. சுவரில் இருந்த ஸ்பீக்கரில் பரிதியின் குரல் கேட்டது.

"அம்மா, வலது கைய ஆட்டாதீங்க."

பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் சேர்ந்து நாற்று குத்திக்கொண்டிருந்தன, காற்றில்.

வெள்ளிக்கிழமை துரைராசு போன் போட்டார்.

"அமலோற்பவம், வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு. செவ்வாய், புதன் நடவு. ஆளக் கூட்டியாந்துடு."

அவளுக்கு இரண்டாவது உள் கரண்ட் அதே புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். புதன் சாயங்காலம் நடவு முடிந்து மிச்சப் பணத்தை அவர் கொத்தில் இரண்டாவது ஆளான நாகம்மாள் கையில் கொடுப்பார். "பாதிதான் முன்னயே குடுத்துட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். வரப்பில் அவள் இருந்தால், பணத்தைத் தன் கையில் வாங்கி, ஆளுக்கு அறுநூற்றைம்பது கொடுத்து, மீதி அடுத்த வாரம் என்று சொல்லலாம். பிரபு என்பவர் வயலுக்கு அடுத்த அச்சாரம் வரும், அதில் இதை அடைக்கலாம். அதை எதில் அடைப்பது என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை.

"அய்யா, ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கக் கூடாதா?"

"செவ்வாய்க்கிழமையோட நாத்துக்கு இருவத்திநாலு நாளு. இருவத்தஞ்சு தாண்டுனா கணு விட்டுடும், தூர் கட்டாதுன்னு போன வருஷம் என்னைய நடு ரோட்டுல நிக்க வச்சு ஏசுனது யாரு? நானா, நீயா?"

"நாந்தான்."

"அப்பறம்?"

சனிக்கிழமை சிஸ்டருக்குப் போன் போட்டாள். உள் கரண்டை ஒரு முறை தள்ளி வைக்க முடியுமா? வாய்க்கால் முறை மாதிரி இந்த முறை விட்டால் அடுத்த முறை பிடித்துக்கொள்ளலாமே?

"மயக்க மருந்து டாக்டர் இதுக்குப் புதன்கிழமை மட்டுந்தான் வராரு. ஒரு வாரம் தள்ளுனா ஒங்களுக்கு ஐம்பத்தொம்பது நாள் ஆயிடும்மா. ஆரம்பிச்ச நாள்லேருந்து ஐம்பத்தாறுக்குள்ள முடிக்கணும். நாள் இழுத்தா மிச்சம் இருக்கறது மறுபடி தலை தூக்கும். அப்பறம் எவ்வளவு கரண்ட் வச்சாலும் புடிக்காது."

"நாத்து முத்துன மாதிரி."

"அது எனக்குத் தெரியாது. புதன்கிழமை வாங்க."

அவளுக்குத் தெரியும். முற்றின நாற்றை எத்தனை ஆழமாகக் குத்தினாலும் எவ்வளவு உரம் போட்டாலும் ஒற்றைக் கதிரோடு நிற்கும். தெரிந்து என்ன? நாற்றுக்கு ஒரு கெடு, அவளுக்கு ஒரு கெடு, இரண்டும் ஒரே புதன்கிழமையில் வந்து முட்டிக்கொண்டன.

செவ்வாய் சாயங்காலம் ஜேசுராஜோடு போய் வார்டில் படுத்தாள். ஜேசுராஜ் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். எந்தச் சத்தத்திலும் தூங்குவார். வராந்தாவில் துண்டை விரித்ததும் குறட்டை வந்துவிட்டது. அவளுக்குக் கண் மூடவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, "ஏங்க, கொஞ்சம் அசையாமப் படுங்க, ஒங்க கட்டிலு என் கட்டில இடிக்குது" என்றாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தாள். புடவையைச் சரி செய்துகொண்டு, நோட்டு இருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு, புருஷனைத் தாண்டி, படி இறங்கி நடந்தாள். யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் விடியற்காலை எல்லாரும் எதற்காவது நடந்துகொண்டுதான் இருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் வழியாகப் போகும் கும்பகோணம் பஸ் நின்றது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஒரு டீ வாங்கினாள். ஊசிக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஊசி போடப் போகாதவளுக்குப் பட்டினி எதற்கு? ஆனாலும் கிளாஸ் வாய்க்குப் போகவில்லை. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே மறு கையால் நாகம்மாளுக்குப் போன் போட்டாள். நாகம்மாள் அவளைவிட நாலு வயசு சின்னவள், வாய் அரிவாள்.

"நாகு, நான் வந்துகிட்டிருக்கேன். சாயங்காலம் துரைராசய்யா பணம் குடுத்தா நீ வாங்கிடாத. நான் வாங்கிக்கிறேன்."

"எங்கேருந்து வர்ற? இன்னிக்குத்தான ஒனக்கு ரெண்டாவது உள் கரண்டு?"

"தள்ளி வச்சுட்டாங்க."

"வந்து என்னா பண்ணப் போற? குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வரப்புல குந்திகிட்டு எங்களத் தொரத்தவா? வேண்டாம். கெட. நேத்தே ஒன் எடத்தையும் சேத்துத்தான் நட்டோம். கண்ணாத்தா ஒரு கை, நான் ஒரு கை. ஒன் பங்க எடுத்து வச்சுடறோம்."

அமலோற்பவம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அது அந்தக் கொத்தின் வழக்கம். பிள்ளை பெற்றுப் படுத்தவள், பூச்சி கடித்துப் படுத்தவள், ஆஸ்பத்திரியில் கிடப்பவள் யாராக இருந்தாலும், ஒரு நடவுக்கு அவளுடைய இடத்தையும் மற்றவர்கள் நட்டு, அவள் கூலியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். படுத்தவள் பங்கு என்று அதற்குப் பேர். பங்கு வைக்கும்போது முதலில் எடுப்பது அதைத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஏழு பேருக்கு அமலோற்பவமே எடுத்து வைத்து, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். எட்டாவதாகத் தன் பேர் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கொத்தின் காசைத் தின்றவளுக்காகக் கொத்தே குனிந்து நட்டுக்கொண்டிருந்தது.

"ஏ அக்கா, இருக்கியா?"

"நாகு, அச்சாரம் வந்துட்டு."

"என்னைக்கு?"

"நாத்து விட்ட அன்னைக்கே. ஏழாயிரத்து எண்ணூறு. நான்தான் எடுத்துட்டேன். ஸ்கேனுக்கும் சோத்துக்கும் போயிடுச்சு. ஒங்களுக்கெல்லாம் ஏழாயிரத்து நூத்தம்பது தரணும்."

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார்.

"வேலி மேஞ்சுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் நாகம்மாள். "வரப்பே மேஞ்சுட்டுதே."

"ஆமா."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டமா?"

"கேக்கத் தெரியல."

"பத்தொம்பது வருஷமா எல்லாத்தையும் ஏசத் தெரிஞ்சுது, கேக்கத் தெரியலியாம். தூ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஹாரன் சத்தம் கேக்குது. எங்க நிக்கிற?"

"பஸ் ஸ்டாண்டுல."

"தள்ளி வச்சுட்டாங்கன்னதும் பொய்யா?"

"பொய்தான்."

"போ. போயி ஒன் கட்டில்ல படு. காசத் தின்னுட்டு அந்தக் காசுல பாத்த வைத்தியத்தையும் பாதியில வுட்டுட்டு வந்தீன்னா, சேத்துல தள்ளி நானே மிதிப்பேன். பணத்த சாயங்காலம் பேசிக்கிறோம்."

போன் வைக்கப்பட்டது. பஸ் போய்விட்டது. ஊருக்குப் போக இனி அவளுக்கு வேலை எதுவும் இல்லை. அவள் மறைக்கப் போனது மறைக்க முடியாததாகிவிட்டது. டீக் கிளாஸை அப்படியே கடைப் பலகையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். திரும்பி நடக்கும்போதுதான் அடிவயிறு கனப்பது தெரிந்தது.

வார்டு வாசலில் ரோஸ்லின் சிஸ்டர் நின்றிருந்தார். பக்கத்தில் ஜேசுராஜ், வெளுத்த முகத்தோடு, ஒற்றைச் செருப்போடு.

"எங்கம்மா போனீங்க? ஆறு பேரு தேடறோம். ஏதாவது குடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க, ஊசி போடணும்."

"டீ வாங்குனேன் சிஸ்டர். குடிக்கல."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "நம்பறேன். உள்ள போங்க."

"இன்னிக்குப் பொய் சொல்ல இனிமே ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். சிஸ்டருக்கு அது விளங்கவில்லை.

அன்று கணக்குப் போட இரண்டு மணி நேரம் ஆனது. கடிகாரம் பதினொன்று காட்டியது. வயலில் இந்நேரம் கஞ்சி குடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போயிருப்பார்கள். கம்பி உள்ளே போய், நின்று, திரும்பியது. குழாய்களை உருவும்போது வலித்தது, பல்லைக் கடித்தாள். மூன்று மணி. ஐந்து மணி. இந்நேரம் துரைராசு மடியிலிருந்து பணத்தை எடுத்திருப்பார். இந்நேரம் நாகம்மாள் சொல்லியிருப்பாள். இந்நேரம் பதினோரு வாயும் தன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும். போனைக் கையிலேயே வைத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஏசியாவது தொலைத்தால் தேவலை.

வியாழன் ஊருக்கு வந்தாள். தெருவில் கண்ணாத்தாள் எதிரே வந்தாள், பார்த்தாள், நிற்கவில்லை. ஆறு நாளும் அப்படியே போயிற்று. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்ததுதான் மிச்சம். ஜேசுராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "மூட்ட தூக்கி அடைச்சுடலாம் அமலம்" என்றார். எத்தனை மூட்டை என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொங்கல் வரை போகும். நாகம்மாள் வீட்டு வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினாள்.

மூன்றாவது புதன்கிழமை, ஐம்பத்திரண்டாவது நாள். காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நாகம்மாள் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை. அவள் காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

"எங்கடி தோடு?"

"பாபநாசத்துல ஒரு அடகுக் கடையில தூங்குது. பதினோரு பேருக்கும் அறுநூத்தம்பது. என் பங்க நானே எனக்குக் குடுத்துகிட்டேன். ஒருத்திக்கும் பாக்கி இல்ல."

அமலோற்பவம் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படு. நான் இன்னும் முடிக்கல. சும்மா குடுத்தேன்னு நெனச்சுக்காத. அன்னைக்கு வரப்புல பெரிய சண்ட. பாதிப் பேரு ஒன்னக் கொத்துலேருந்தே தூக்கணும்னாளுவ. நான் சொன்னேன், ஏழாயிரத்து நூத்தம்பது நான் எறக்குறேன், அவ திருப்பித் தர வேண்டாம், கொத்து எனக்கு. இனிமே கூலி பேசறது நான், அச்சாரம் வாங்கறது நான், வரப்போரம் நிக்கறது நான்."

"எத்தன நாளைக்கி?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. எனக்குத்தான்."

பத்தொன்பது வருஷம். அமலோற்பவம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் இரண்டு காக்கையும் இருந்தன.

"ரொம்ப நாளா இதுக்குக் காத்திருந்தியா நாகு?"

"ஆமா. ஆனா இப்படி வரும்னு நெனைக்கல. சந்தோசமா இல்ல, போ." முந்தானையை அவிழ்த்து மடித்த நோட்டுகளை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தாள். "அறுநூத்தம்பது. படுத்தவ பங்கு. முன் பாதிதான் நீயே தின்னுட்ட, இது பின் பாதி."

"இதக் கழிச்சிருக்கலாமே. ஒனக்கு அடகு கொறஞ்சிருக்கும்."

"படுத்தவ பங்குல கை வச்சா அப்பறம் நான் படுத்தா எனக்கு எவ எடுத்து வைப்பா? நோட்ட எடு."

துணிப்பையிலிருந்து அமலோற்பவம் நோட்டை எடுத்தாள். நாற்பது பக்க நோட்டு, சேறு பட்டுக் காய்ந்த அட்டை. நாகம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"நீதான் எழுதணும். எம் மவ கிட்டக் காட்டி சரியா இருக்கான்னு பாத்துக்குவேன்" என்றாள். "மொதல்ல பேரு."

அமலோற்பவம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்றாம் எண்ணில் அவள் பேர் இருந்தது, அவள் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நடந்துபோகிற மாதிரி. அதை அடித்துவிட்டு மேலே நாகம்மாள் என்று எழுதினாள்.

"நான் எங்க நிக்கிறது?"

"ஏழாவது. கண்ணாத்தாளுக்கு அடுத்து. நடுவுல. சம்பாவுக்குள்ள ஒடம்பத் தேத்திகிட்டு வா. பின் தங்குனா ஏசுவேன்."

நடுவில் நிற்பவளுக்கு வரப்பு கிடையாது. இரண்டு பக்கமும் ஆள். ஏழாவது இடத்தில் தன் பேரை எழுதினாள்.

"இப்ப அந்தப் பணத்த எழுது."

7,150 என்று எழுதினாள். தள்ளுவண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "கடைசி வாட்டிம்மா, போலாமா?" என்றார் ரோஸ்லின் சிஸ்டர்.

"ஒரு வார்த்தை சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, தொகைக்கு எதிரே தீர்ந்தது என்று எழுதி, அடியில் கோடு இழுத்து, நோட்டை நாகம்மாளிடம் கொடுத்தாள்.